'அருள்' என்னுஞ் சொல்லும் ஆங்கில மொழிபெயர்ப்பும்

நம் சமய நூல்களை ஆங்கிலத்திற் பெயர்த்தோர் பெரும்பாலும் 'அருள்' என்பதற்குக் 'கிரேஸ்' என்னும் ஒரு சொல்லையே நேராக வைத்துள்ளனர். 1896ஆம் ஆண்டில் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் வெளியிட்ட திருவருட்பயன் மொழிபெயர்ப்பிலும், 1900ஆம் ஆண்டில் போப்பையர் வெளியிட்ட திருவாசக மொழிபெயர்ப்பிலும் இச்சொல்லே பயில்கின்றது. இவ்விருவர்தந் தொண்டும் பெரிது. அதனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயினும், திருவண்ணாமலையை நாடிவரும் பிறநாட்டன்பரும், ஆங்கிலம் வழியே சித்தாந்தம் பயிலும் நம் இளைஞரும் இச்சொல்லைக்கொண்டே திருவருளை உணரப் புகுதலின், அஃது அப்பொருளைத் தாங்குமா என ஆராய்தல் வேண்டற்பாலது.

ஆங்கிலத்தில் அச்சொல் எளிய வழக்கினது, பொருளோ பல. ஆடுவாளது நடையிற் காணும் எழிலும், உண்ணுமுன் சொல்லும் வழிபாட்டுரையும், கோமகனையும் தலைமைக் குருவையும் விளிக்கும் மதிப்புரையும் அச்சொல்லே. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறி ஆவணச் சட்டம் உண்டியற்பணம் செலுத்தத் தவணைக்குமேல் தரும் 3 நாட்களும் அச்சொல்லாற் பெயர்பெற்றன. தேறாத மாணாக்கனைத் தேற்றுவிக்க இடும் எண்ணை நாம் 'கருணை மதிப்பெண்' என்கின்றோம். ஆங்கே மூலமாய் நிற்பதும் அச்சொல்லே. இலத்தீன் மொழியில் விருப்பு, உதவி, நன்றி என்னும் பொருள்களையுடைய சொல்லினின்றும் இது பிறந்தது.

கிறித்துவ நூலோர் இதனைத் தமிழிற் பெயர்க்கப் புகுந்து இடர்ப்பட்டமையும் நோக்கத்தக்கது. புராட்டஸ்டண்டு வகுப்பினர் 'கிருபை' என்றனர். கத்தோலிக்கர் முன்னாளில் 'இஷ்டப்பிரசாதம்' என்றனர். 1995ஆம் ஆண்டில் இருசாராரும் இயைந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் 'அருள்' என்பதே இடம்பெற்றது. எனவே நம் சொல் அவர்பாலும், அவர் சொல் நம்பாலும் சென்று வழங்குகின்றன. சொற்கள் மாறிப் புகினும் பொருள்கள் உடன்மாறுவனவல்ல.

இனி, அருளாவது யாது? திருக்குறளில் 'அருளுடைமை' துறவறவியலின் முதலில் நிற்பது. தொடர்புடையார்மேற் செல்வது அன்பென்றும், தொடர்பு நோக்காது எல்லாவுயிர்மேலுஞ் செல்வது அருளென்றும் பரிமேலழகர் பகுத்தனர். சித்தாந்தத்திலோ அஃது இறைவனிடத்து வந்துபோகும் ஒரு குணமன்று. அவனின் வேறாகாத சத்தியே அருள். உமாபதி சிவனார் திருவருட்பயனின் பத்து அதிகாரங்களுள் 'அருளது நிலை', 'அருளுரு நிலை' என இரண்டினை இதற்கென்றே வகுத்தமையும் இதன் பெருமையை உணர்த்தும்.

இவ்விடத்து இரண்டு வேறுபாடுகள் தோன்றும். முதலாவது, அவர் நூல்களிற் பெரிதும் வலியுறுத்தப்படுவது, தகுதி நோக்காது அளிக்கப்படுங் கொடை என்பது. உயிர் தன் முயற்சி ஒன்றானே வீடெய்தாதென்பது நமக்கும் உடன்பாடு. அவ்வளவில் அச்சொல் பொருந்தும். ஆனால், இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்தியவிடத்தே சத்திநிபாதம் நிகழுமென்றும், அது மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படுமென்றும் நம் நூல்கள் கூறும். கதிரவன் ஒருபடித்தாகவே காயவும், பக்குவமுற்ற தாமரை மலர்ந்து ஏனையது முகையாய் நிற்றல் போல்வது இது. வேறுபாடு உயிரின் பக்குவத்ததேயன்றி அருளினதன்று.

இரண்டாவது வேறுபாடே பெரிது. ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று. அதனைச் செய்யுந் திரோதான சத்தியும் அருளே. மலத்தைப் பக்குவப்படுத்தற்பொருட்டு அதனோடு உடனின்று தொழிற்படுத்தலின், அது மலமென உபசாரமாகக் கூறப்பட்டது. இறைவன் ஒறுத்தலும் தந்தை மகனை ஒறுத்தல்போல அன்பின் வழியதே என்பது சித்தியார் துணிபு. அறக்கருணை, மறக்கருணை என்னும் வழக்கும் இதுபற்றியது. ஒளிப்பதனையும் ஒறுப்பதனையும் 'கிரேஸ்' எனக் கேட்கும் ஆங்கிலர் மருள்வர். அச்சொல் அவர்க்கு இனிமையொன்றனையே தருவது.

இதற்கு அண்ணாமலையே சான்று. அயனும் மாலும் தேட, அடியும் முடியும் காட்டாது பெருமான் அழற்பிழம்பாய் நின்றான். காட்டாமையால் அவர்தஞ் செருக்கொழிந்தது, ஒழிந்தபின் வெளிப்பட்டான். மறைத்ததும் வெளிப்பட்டதும் ஓரருளின் இருசெயல்கள். பின்னதனை மட்டும் அருளெனக் கொள்வார்க்கு இத்தலவரலாறு இருவர் தோற்ற கதையாய் முடியும். அவர் உய்ந்த வரலாறாகாது.

எச்சொல்லும் பயில்வினாற் புதுப்பொருள் கொள்ளுமே எனின், உண்மை. கிரேக்கர் எழிலுக்கும் உதவிக்கும் வழங்கிய எளிய சொல்லையே கிறித்துவ ஆசிரியர் உயர்ந்த பொருட்கு ஆக்கிக்கொண்டனர். ஆயின், அவர் தம் கருத்தைப் பன்முறை விளக்கியபின்னரே அச்சொல் அதனைத் தாங்கிற்று. நாமோ விளக்காது சொல்லை மட்டும் கொடுத்துவிடுகின்றோம்.

ஆதலின் இனி மொழிபெயர்ப்போர்க்கு யாம் வேண்டுவது இது. குறளிற்போல உயிரிரக்கமாய் வருமிடத்து இரக்கமென்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை இடுக. சிவசத்தியைக் குறிக்குமிடத்து 'அருள்' என்பதனையே அவ்வெழுத்தில் எழுதி முதற்கண் பொருள் விளக்குக. திரோதானம் வருமிடத்து, மறைக்கும் அருளெனத் தெளிய உரைக்க. சிவம், சத்தி என்பவற்றைப் பெயர்க்காது விட்டவர்க்கு அருளையும் அவ்வாறு விடுதல் அரிதன்று. இன்றேல், தனக்கு இன்பம் வந்தபோது மட்டும் அருளென்று கூறித் துன்பத்தில் அதனைக் காணாத மயக்கம், பிறமொழியாளரிடத்தன்றி நம்மவரிடத்தும் நிலைத்துவிடும்.