ஆட்டத்துக்கு முன் மரணம்

காரமடையில் அக்கா வீட்டுத் திண்ணையில் போர்டும் காயும் இல்லாமல் ஓர் ஆட்டம் ஆடினோம். பெயர் 'டிராவலர்'. 1977-ல் அமெரிக்காவில் மார்க் மில்லர் எழுதியது. மூன்று சின்ன கறுப்புப் புத்தகங்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு விண்வெளி ஆசாமியாகப் பேச வேண்டும். சந்தேகம் வந்தால் ஆறுமுகப் பகடை இரண்டு.

ஆளை உருவாக்குவதுதான் விசேஷம். பலம், படிப்பு, அந்தஸ்து என்று ஆறு குணங்களுக்கு உருட்ட வேண்டும். 18 வயதில் படையிலோ வணிகக் கப்பலிலோ வேலை. நாலு வருஷத்துக்கொரு முறை பிழைத்தானா என்று மறுபடி உருட்டல். ஸ்கவுட் வேலைக்குக் குறைந்தது ஏழு விழ வேண்டும். (உடம்பில் தெம்பு அதிகமென்றால் இரண்டு சலுகை.) சலுகையில்லாதவன் சாக 36-க்கு 15 சான்ஸ்!

மருமகன் உருட்டினான். நாலு.

"ஏனுங் மாமா, இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கலீங்க. அதுக்குள்ள என்ற ஆளு செத்துட்டானுங்களா?"

தாயத்தில் வெட்டுப்பட்ட காய் மறுபடி இறங்கும். இதில் ஆளே காலி. பலர் திட்டிய விதி. 1981 பதிப்பில், சாவுக்குப் பதில் காயத்தோடு வேலையை விடலாம் என்று மாற்று வழி கொடுத்தார்கள். எனக்குப் பழசுதான் பிடிக்கிறது. மலிவு விண்வெளிக் கதைகளில் ஹீரோ சாகமாட்டான் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். இங்கே தெரியாது. இன்னும் நாலு வருஷம் இருந்தால் கூடுதல் திறமை, ஒரு கப்பல்கூடக் கிடைக்கலாம், பணயம் உயிர். அந்தத் தயக்கத்திலேயே ஆள்மேல் பாசம் வந்துவிடுகிறது.

குறை, ஆட்டம் தொடங்கியபின் அவன் அவ்வளவாக வளர்வதில்லை.

மருமகன் இரண்டாவது ஆளை 30 வயதிலேயே ரிட்டயர் பண்ணிவிட்டான்.