எழில் நிரல்மொழியின் இலக்கணம்: ஒரு மதிப்பீடு

முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ தமிழில் நிரல் எழுத உதவும் மொழி. பள்ளி மாணவர்கள் தாய்மொழியில் நிரலாக்கம் பயில்வதே இதன் நோக்கம். இதுபற்றிய அவரது கட்டுரை 2009-இல் வெளிவந்தது. மொழிபெயர்ப்பி பைத்தானில் எழுதப்பட்டது.

எழிலின் தமிழ், சொற்களோடு நின்றுவிடவில்லை. ஆங்கில வழி மொழிகளில் ‘இஃப்’ முதலில் வரும். எழிலில் நிபந்தனை முன்னும் சொல் பின்னும் வரும்:

@( மதிப்பெண் >= 50 ) ஆனால்

இது தமிழ்த் தொடரமைப்பு. ஆனால் ‘பதிப்பி’, ‘பின்கொடு’ ஆகிய வினைகள் தொடரின் தொடக்கத்திலேயே நிற்கின்றன. ஒரே மொழிக்குள் இரு தொடரமைப்புகள் இருப்பது முதற்குறை. முன்னிற்கும் @ குறி தமிழுக்கு உரியதன்று. நிபந்தனை வருகிறது என்று பாகுபடுத்திக்கு (பார்சர்) முன்னறிவிக்கும் அடையாளமாகவே தோன்றுகிறது. நிபந்தனையை முழுதும் வாசித்தபின் அடுத்த சொல் ‘ஆனால்’தானா என்று பார்த்தாலும் போதும். ஆகவே இக்குறி தவிர்க்க இயலாததன்று.

பெரிய குறை வேறு. ‘இராவிட்டால்’ என்றொரு கட்டளையைச் சேர்க்க விரும்பும் மாணவர், அதை எழிலிலேயே எழுத முடியாது; பைத்தான் நிரலைத் திருத்த வேண்டும். இலக்கணம் பயன்படுத்துவோர் கைக்கு எட்டவில்லை.

விரியும் மொழிகளுக்கான இலக்கணங்கள் இத்தேவைக்கே எழுந்தன. ஹென்னிங் கிறிஸ்டியன்சன் முன்வைத்த இலக்கணத்தில், நிரலை வாசிக்கும்போதே விதிகள் மாறலாம். பிரையன் ஃபோர்டு 2004-இல் அறிமுகப்படுத்திய ‘பெக்’ இலக்கணத்தில் விதிகள் வரிசையாகச் சோதிக்கப்படும். முதலில் பொருந்துவதே ஏற்கப்படும்.

இவற்றிலும் இடர் உண்டு. ஐயமற்ற இரு சூழல்சாரா இலக்கணங்களைச் சேர்த்தால் ஈரடிப் பொருள் தோன்றலாம். அது தோன்றுமா என எல்லா நேர்வுகளிலும் கண்டறியும் வழிமுறை இல்லை என்பது நிறுவப்பட்ட உண்மை. பெக்கில் ஈரடிப் பொருள் எழாது. மாறாக விதி மறைந்துபோகும். ‘வரை’ முன்னும் ‘வரையில்’ பின்னும் இருந்தால், இரண்டாவது ஒருபோதும் பொருந்தாது. பிழைச்செய்தியும் காரணத்தைச் சொல்லாது. விகுதி சேர்ந்து சொல் நீளும் தமிழில் இச்சிக்கல் அடிக்கடி எழும்.

இராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும், ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகமும் உள்ளன. கணினியியல் மாணவர்க்குக் கம்பைலர் வடிவமைப்பு ஒரு பாடம். எழிலின் இலக்கணத்தை @ இன்றித் திருப்பி எழுதுவதும், பழைய நிரல்கள் பழுதுபடாமல் ஒரு புதுக் கட்டளை சேர்ப்பதும் அவர்களுக்கு நல்ல பயிற்சியாகும். தமிழில் நிரல் எழுதலாம் என எழில் காட்டிவிட்டது. நிரல்மொழியின் இலக்கணத்தையும் தமிழ் மாணவர் வகுக்கலாம் என்பது இனிக் காட்டப்பட வேண்டியது.