பெரிய வெள்ளிப் பாடல் மரபு: மூன்று வழிகளும் ஒரு மனக்குறையும்

லெந்து காலப் பாடல்களைப் பற்றி இந்த மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்துப் பெரியவர்கள் கேட்டார்கள். கேட்ட கையோடு, "யாரையும் புண்படுத்திவிடாமல்" என்றும் சொல்லிவைத்தார்கள். கட்டுரையாளர் தம்மால் இயன்றவரை முயன்றிருக்கிறார். பல்லவி, சரணம் என்று விளக்கிக்கொண்டிருக்க இந்த வாசகர்களிடம் அவசியமில்லை. நேரே விஷயத்துக்கு வரலாம்.

தமிழில் இயேசுவின் பாடுகளைப் பாட மூன்று வழிகள் உண்டு. ஞானப்பாட்டு வழி தரங்கம்பாடியில் கப்பலிறங்கியது. பப்ரிசியஸ் ஐயர் கையில் தமிழாகத் தழைத்தது. இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள் என்று இதைக் கேலி செய்வோர் உண்டு. கேலி செய்பவர்கள், மூல ஜெர்மன் பாட்டுகளை எழுதியவர்களில் ஒருவரான பவுல் கெர்ஹார்ட்டின் கதையைக் கொஞ்சம் கேட்கவேண்டும். முள்முடி தாங்கிய சிரசை நோக்கிய அவருடைய பாட்டு 1656இல் வெளியானது. மெட்டு ஹாஸ்லர் என்பவர் ஒரு காதல் பாட்டுக்குப் போட்டது. அதன்பின் வந்த ஆண்டுகளில் ஐந்து பிள்ளைகளில் நால்வர் போனார்கள். 1668இல் மனைவியும் போனார். பாட்டு முந்திவிட்டது, துக்கம் பிந்தி வந்தது. எழுதிவைத்ததை அவரே பிறகு பாடித் தீர்க்கவேண்டியதாயிற்று. பப்ரிசியஸ் ஐயருக்கும் கடைசிக் காலம் சுகமாக இல்லை. சென்னையில் கடனுக்காகச் சிறையிருந்து, 1791இல் காலமானார்.

கத்தோலிக்கச் சகோதரர்களின் வழி வேறு. அவர்களிடம் மரியாளின் கண்ணீருக்குத் தனி இடம் உண்டு. வீரமாமுனிவர் பாடிய 'அன்னை அழுங்கல் அந்தாதி' இந்த வழியின் நிலைவாசல். கடலுக்கு அப்பால், 1742இல் மறைந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்காலத்தோடு ஒட்டியே வளர்ந்தது. பெரிய வியாழன் இரவு பீடத்துத் துணிகளைக் களைந்துவிடுவார்கள். மறுநாள் நற்கருணைப் பேழையின் கதவு திறந்தே கிடக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. அதைப் பார்த்தபடி ஒரு சபை முழங்காலில் நிற்பது சாதாரண விஷயமல்ல. இலங்கையில் 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மடு மாதாவின் சொரூபத்தைக் குருக்கள் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றார்கள். ஆகஸ்டுத் திருநாளுக்குத்தான் அது திரும்பியது. சொரூபம் இல்லாத அந்த மாதங்களைத் தாங்கும் பலத்தில் ஒரு பங்கு இந்தப் பெரிய வெள்ளிப் பழக்கத்திலிருந்து வந்தது என்பது கட்டுரையாளரின் எண்ணம்.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையும் கத்தோலிக்க வழியில் வந்ததுதான்; அதைச் சீர்திருத்தச் சபைகளின் சொத்து என்று நம்மவர்கள் சிலர் இன்னமும் நினைக்கிறார்கள். 1687இல் லிமா நகரைப் பூகம்பம் சிதைத்த பிறகு அங்கே இயேசு சபைக் குரு அலோன்சோ மெசியா தொடங்கிய ஜெபம் அது. போகட்டும்.

இனி மூன்றாவதான தஞ்சாவூர்க் கீர்த்தனை வழி. கட்டுரையாளர் இதில் வந்தவர், ஆகவே நடுநிலையை யாரும் எதிர்பார்க்கவேண்டாம். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா அருகே, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பெயரிலுள்ள ஆலயத்தில் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் இருக்கிறது. சுவார்ட்ஸ் ஐயர் படுக்கையில் கிடக்கிறார். சரபோஜி மன்னர் அவர் கையைப் பிடித்திருக்கிறார். அருகே பள்ளிச் சிறுவர்கள். மதம் மாறாத மன்னர் தம்மை ஆதரித்துக் காத்தவருக்காகச் செய்வித்த சிற்பம் இது. 1798 பிப்ரவரி 13ஆம் தேதி அந்த மனிதரைப் பறிகொடுத்தவர்களில் இருபத்துமூன்று வயது வேதநாயகமும் ஒருவர்; கீர்த்தனைகளால் பேர்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் அவர்தான். கீர்த்தனை வழியின் துக்கம் அந்தக் கட்டிலருகே தொடங்கியது என்று கட்டுரையாளர் துணிந்து சொல்வார். பின்னாளில், 1829இல், சாதி வழக்கம் பற்றிய சண்டையில் சாஸ்திரியாருக்கு மிஷன் வேலையும் போனது. அந்தச் சண்டையில் நியாயம் அவர் பக்கம் இருந்ததாக இன்று சொல்ல முடியாது. அப்போது அவரைத் தாங்கியவர் அதே சரபோஜிதான். சாஸ்திரியார் 1864வரை இருந்து, பாடி, பாடவும் கற்றுக்கொடுத்தார்.

கட்டுரையாளரின் ஆசிரியர் இந்த வழியில் பழகிய ஒரு மிஷன் பள்ளி வாத்தியார். பெரிய வெள்ளியன்று ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கவே விடமாட்டார். முகாரியில் ஒரு சரணம் முடிந்தால் தொடையில் இரண்டு ஆவர்த்தனம் தட்டிவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். அந்த நேரத்தில் கோவிலில் இருமல் சத்தம்கூடக் கேட்கும். பொறுமையில்லாத பையன் எவனாவது முந்தி எடுத்தால், திரும்பிப் பார்ப்பார், அது போதும். பிள்ளையை இழந்த வீட்டுக்குப் போனால் ஒரே ஒரு பாட்டு பாடிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். ஆறுதல் சொல்லமாட்டார். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவும் மாட்டார். "ஆண்டவர் வரட்டும், நாம ஏன் அவசரப்படுத்தணும்?" என்பார். புலம்பல் ஆகமம் பதில் வராமலே முடிகிறது; 88ஆம் சங்கீதம் இருளிலேயே நிற்கிறது. இரண்டையும் அவர் மாணவர்களுக்கு மனப்பாடமாக்கியிருந்தார்.

இன்றைய நிலையைப் பற்றிப் பேசும்போது யாரையும் பெயர் சுட்ட இங்கே நோக்கமில்லை. எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் சிலுவைப் பாட்டுக்குக் கீபோர்டில் ரிதம் போடுவது எந்த ஊர் வழக்கம்? ஐந்து சரணத்தில் இரண்டுதான் திரையில் வருகிறது, அதிலும் எழுத்துப்பிழை. சிலுவையின் ஏழாம் வார்த்தைத் தியானம் முடியுமுன்னே உயிர்த்தெழுதல் பாட்டை எடுத்துவிடுகிறார்கள், கைதட்டலும் உண்டு. துக்கவீட்டுக்கு ஸ்பீக்கர் வருகிறது, பெட்டி மூடுமுன் ஜெயகீதம் வருகிறது, அழுகிறவளைப் பார்த்து விசுவாசம் இல்லையா என்று கேட்கிற வாயும் கூடவே வருகிறது. நாற்பது நாளும் அசைவம் விடாதவர்கள், ஆராதனை நடுவே போன் எடுப்பவர்கள், அப்பா கல்லறைக்கு வருஷத்துக்கு ஒருமுறைகூடப் போகாத பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம், தமிழ் வாசிக்கத் தெரியாத பாடகர் குழு, இவை எல்லாம் அந்த இரண்டு ஆவர்த்தனத்தைக் கைவிட்டதிலிருந்து தொடங்கியவையே. மிகைப்படுத்துவதாக மலர்க்குழுவினர் நினைக்கலாம். அடுத்த பெரிய வெள்ளிக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அண்மையில் கைக்கு வந்த ஒரு பாட்டுப் புத்தகத்தில் கீர்த்தனைகளின் தலைப்பில் ராகமும் இல்லை, தாளமும் இல்லை. இடம் மிச்சம் என்று காரணம் சொல்லப்பட்டதாம். நம் சங்கம் வெளியிடப்போகும் பதிப்பிலாவது அவற்றைத் திரும்பச் சேர்க்கவேண்டும். ஆசிரியர் கைப்பட எழுதிய நோட்டு ஒன்று கட்டுரையாளரிடம் இருக்கிறது; பெரிய வெள்ளிப் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் ராகம், தாளம், எங்கே நிறுத்துவது என்ற குறிப்பும் உண்டு. செயலாளர் ஆள் அனுப்பினால் கொடுத்தனுப்பலாம். நகல் எடுத்ததும் நோட்டைத் திருப்பித் தந்துவிடவேண்டும்.