யார் சொல்ல, யார் எழுத

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எல்லாம் தாண்டிப் போனால் கிளாவரை. அங்கே வாழ்க்கைப்பட்ட என் அத்தை வீட்டில் போன பூண்டு அறுவடையின்போது ஒரு வாரம் தங்கியிருந்தேன். பகலில் தோட்டம். ராத்திரி பூண்டுக்குத் தாள் அறுத்து, வேர் கிள்ளி, பெருசு சிறுசு பிரிக்கிற வேலை. காது சும்மாதான் இருந்தது. போனில் இறக்கி வைத்திருந்த பழைய படப் பாட்டுகளை, கேசட் காலத்து வழக்கப்படி, படம் படமாக, ஒரு பாட்டையும் தாண்டாமல் கேட்பது என்று பேசிக்கொண்டோம்.

அத்தை இந்தப் படங்களைப் பார்த்ததில்லை. ரேடியோவிலும் கல்யாண வீட்டு ஸ்பீக்கரிலும் கேட்டதோடு சரி. எனக்குப் பாட்டோடு நடிகையின் முகமும் கதையும் சேர்ந்தே வந்துவிடும். அவருக்குக் குரல் மட்டும்தான்.

முதலில் 'அன்னக்கிளி' (1976). இளையராஜாவின் முதல் படம். அதில் எஸ். ஜானகி பாடும் நெல் குத்துகிற பாட்டை, உழைக்கும் பெண்ணின் குரல் சினிமாவுக்குள் நுழைந்த இடம் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அத்தை ஒரே கேள்வியில் அதை உடைத்தார். "ஒலக்க போடுறவளுக்கு இம்புட்டு மூச்சு ஏது? ரெண்டு வார்த்த சொல்லுவா, அப்புறம் 'ஹும்'முன்னுதான் வரும்." பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கிறது. வகுப்பில் சொன்னதைத்தான் திருத்த வேண்டும்.

'சிந்து பைரவி' (1985) சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. பெரிய வித்வானிடம் தமிழில் பாடச் சொல்லிக் கேட்கிற சிந்துவின் பக்கம்தான் எப்போதும் நான். அத்தை கடைசிப் பாட்டு முடியும்வரை பொறுத்திருந்தார்.

"பைரவி யாரு?"

"அவரு பொண்டாட்டி, அத்தை. சங்கீதம் தெரியாது."

"அதுக்குன்னு ஒரு பாட்டுகூடவா இல்ல?"

இல்லை. தலைப்பில் பாதி அவள் பெயர். பாட்டில் ஒரு வரிகூட அவளுக்குக் கிடையாது. இத்தனை வருடத்தில் இது என் காதில் விழவே இல்லை.

பிறகு 'குணா' (1991). மலையில் பாதி எடுத்த படம் என்பதால் அத்தைக்கு அதன்மேல் ஓர் உரிமை. வாலி எழுதிய கடிதப் பாட்டு தெரியாதவர் யார்? கமல்ஹாசன் சொல்லச் சொல்ல அவள் எழுதி, ஜானகியின் குரலில் பாட்டாகவே படிக்கிறாள். கேசட்டில் கேட்டால் காதலர் இருவர் விளையாடுவதுபோல இருக்கும். படத்திலோ அவள் கடத்திவரப்பட்டவள். மனம் பிறழ்ந்த ஒருவன் அவளை அபிராமி என்று நம்பித் தூக்கிக்கொண்டு வந்து மலையில் அடைத்து வைக்கிறான். பிறகு அவளுக்கும் அவன்மேல் பிரியம் வருகிறது என்கிறது கதை. கேசட்டில் அந்தக் கடத்தலே இல்லை. ஜேசுதாஸ் பாட்டில் அவள் தெய்வம், கடிதப் பாட்டில் எழுத்தர். 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபோது அதே பாட்டு, குழியில் விழுந்த நண்பனை மீட்கும் ஆண்களின் பாட்டாகிவிட்டது. குணா குகை வாசலில் இளைஞர்கள் கூட்டமாக நின்று பாடினார்கள். எழுதியவளை அங்கே யாரும் தேடவில்லை.

இதையெல்லாம் நான் கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன். அத்தை அரிவாளைக் கீழே வைத்தார். "தூக்கிட்டு வந்த பிள்ளையா பாடுது? திரும்பப் போடு." முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பயந்த கொரலே இல்ல. பாடுன அம்மாவுக்கு யாரும் சொல்லலபோல." இருக்கலாம். படத்தில் அந்த இடத்துக்கு வரும்போது அவள் பயம் தீர்ந்தவள் என்றேன். அத்தை அதைக் காதில் வாங்கவில்லை.

"எழுதத் தெரிஞ்சவதானே? நானா இருந்தா அவன் சொல்றத விட்டுப்புட்டு எங்க ஆத்தாளுக்கு ரெண்டு வரி எழுதியிருப்பேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமான புதிதில் கிளாவரையிலிருந்து பெரியகுளத்துக்கு இன்லண்ட் கடிதம் வரும். அத்தைக்கு அப்போது எழுத்துத் தெரியாது. அவர் கொழுந்தன் எழுதுவார். 'அனைவரும் நலம், குளிர் பழகிவிட்டது.' எட்டு வயதில் அப்பத்தாவுக்கு அவற்றை உரக்கப் படித்துக் காட்டியவள் நான்தான்.

"நீங்க என்ன எழுதச் சொன்னீங்க, அத்தை?"

"ரெண்டாவது பிள்ளையும் தங்கல, ஒருக்கா வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். சரின்னுதான் எழுதுனாரு."

அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்த பிறகு, அப்பத்தாவின் துஷ்டிக்கு வந்தபோது தகரப் பெட்டியிலிருந்து அந்தக் கடிதங்களை எடுத்துப் பார்த்தாராம். வீட்டில் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

"அதையெல்லாம் நான்தான் படிச்சேன் அத்தை."

"தெரியும்த்தா. ராகம் போட்டுப் படிப்பியாமே, ஆத்தா சொல்லும்."

'குணா'வில் இன்னும் ரெண்டு பாட்டு மிச்சம் இருந்தது. தாண்டக்கூடாது என்று பேச்சு, போடு என்றார்.