மூளை அலையா, நெற்றிச் சுருக்கமா?

பதட்டத்துக்கு நியூரோஃபீட்பேக் பயிற்சி என்கிற பேச்சு இப்போ ஆழ்வார்பேட்டை, ஆர்.ஏ.புரம் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. தலையில் சில மின்முனைகளை ஒட்டுவார்கள். எதிரே திரையில் ஒரு படம் ஓடும். உங்கள் மூளை 'சரியான' அலையை உண்டாக்கினால் படம் தெளிவாக ஓடும், இல்லாவிட்டால் மங்கும். முப்பது நாற்பது தடவை போனால் மூளையே அமைதிக்குப் பழகிவிடும் என்பது வாக்குறுதி. மருந்து கிடையாது, பக்கவிளைவு கிடையாது, கம்ப்யூட்டர் வேற இருக்கு. நம்ம ஊருக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

என் சித்தி பெண்ணுக்கு இரண்டு வருஷமாகப் பதட்டக் கோளாறு. ஒரு சென்டரில் (பெயர் வேண்டாம்) அவளுக்கு ஒரு பேக்கேஜ் சொன்னார்கள். காசு கூடப் பரவாயில்லை. "மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடலாம்" என்று சேர்த்துச் சொன்னதுதான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது. நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆனால் சிக்னலும் இரைச்சலும் எனக்குப் பழக்கம்தான்.

மனிதத் தலையிலிருந்து ஈஈஜியை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். வருஷம் 1924. கண்ணை மூடினால் தலையின் பின்பக்கம் வினாடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கிற ஆல்ஃபா அலை தெரியும். கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். அமெரிக்காவில் ஜோ கமியா 1958 வாக்கில் ஒரு சோதனை ஆரம்பித்தார்: மணி அடிக்கும்போது நீ ஆல்ஃபாவில் இருக்கிறாயா இல்லையா, ஊகித்துச் சொல். சொன்னது சரியா தப்பா என்று உடனே தெரிவித்தபோது, பலர் சீக்கிரமே சரியாகச் சொல்லப் பழகிவிட்டார்கள். 1968இல் ஒரு ஜனரஞ்சக உளவியல் பத்திரிகையில் இதைப் பற்றி அவர் எழுத, ஆல்ஃபா என்றால் பேரமைதி என்று பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சமன்பாட்டில் நம்ம நாட்டுக்கும் பங்கு உண்டு. 1961இல் டெல்லி எய்ம்ஸைச் சேர்ந்த ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் ஈஈஜியை வெளியிட்டார்கள். தியானத்தில் இருக்கும்போது வெளிச்சம், சத்தம், சூடு எதுவும் நான்கு யோகிகளின் ஆல்ஃபாவைக் கலைக்கவில்லை. வேறு இரண்டு பேர் 4 டிகிரி தண்ணீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருந்தும் ஆல்ஃபா அப்படியே இருந்தது. சுவாரசியமான கட்டுரைதான். ஆனால் பல வருஷம் பழகிய ஆறு பேரிடம் ஆல்ஃபா இருந்தது என்பதிலிருந்து, ஆல்ஃபாவைக் கூட்டினால் யார் வேண்டுமானாலும் யோகி ஆகலாம் என்று வராது. மழை பெய்தால் குடை விரியும். குடையை விரித்தால் மழை வருமா?

இதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கே ஆச்சரியம். பாஸ்கெவிட்ஸ், ஓர்ன் என்ற இருவர் 1973இல் சயன்ஸ் இதழில் எழுதியது: முழு இருட்டில் பயிற்சி கொடுத்தால் ஆல்ஃபா ஆரம்ப அளவைத் தாண்டி ஏறவே இல்லை. மங்கலான வெளிச்சத்தில்தான் ஏறியது. அதாவது, வெளிச்சத்தால் குறைந்துபோன ஆல்ஃபாவை 'பார்க்காமல் இருப்பது' மூலம் மீட்கக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த வருஷம் இன்னும் நேரடியாக: பயிற்சி பெற்றவர்களிடம் ஷாக் அடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பயந்தார்கள், இதயத் துடிப்பு ஏறியது. ஆல்ஃபா மட்டும் குறையவில்லை! பதட்டமும் ஆல்ஃபாவும் ஒரே தலையில் சௌகரியமாகக் குடியிருந்தன. அரை நூற்றாண்டுக்கு முன் வந்த முடிவு இது. எந்த பிரோஷரிலும் நான் பார்த்ததில்லை.

இப்போ என் துறைக்கு வருகிறேன். தலைத்தோலில் கிடைக்கும் ஈஈஜி சில பத்து மைக்ரோவோல்ட்தான். நெற்றி, தாடைத் தசைகள் தருவது அதைவிட எளிதாகப் பெரியது, அதுவும் பீட்டா என்று சொல்கிற பட்டையிலேயே வந்து விழும். வீட்டில் நெற்றியில் மாட்டுகிற ஒரு ஹெட்செட்டில் பார்த்தேன். பல்லைக் கடித்தால் பீட்டா கிடுகிடுவென ஏறுகிறது, புருவத்தைத் தளர்த்தினால் இறங்குகிறது. 'பதட்ட பீட்டாவைக் குறை' என்று பரிசு கொடுக்கிற மென்பொருள், பாதி நேரம் நெற்றிச் சுருக்கத்தைத்தான் குறைக்கச் சொல்லுகிறதோ? தசையைத் தளர்த்துவது நல்ல விஷயம். அதுக்கு ஈஈஜி எதுக்கு?

தசை ஆளை ஏமாற்றுவது புதுசு இல்லை. 1935இல் பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் ப்ராஸ் இந்தியா வந்து, யோகி இதயத்தை நிறுத்திக் காட்டியதாகப் பதிவு செய்தார். அந்த யோகி பிற்பாடு மெட்ராஸில் வாழ்ந்த டி. கிருஷ்ணமாச்சாரியார். அவர் பெயரிலான யோக மந்திரம் மந்தைவெளியில், இங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். வெங்கர், பாக்சி, ஆனந்த் (அதே டெல்லி ஆனந்த்) அவரையும் வேறு சிலரையும் மறுபடி அளந்து 1961இல் எழுதினார்கள். மூச்சை அடக்கி மார்புத் தசையை இறுக்கும்போது நாடியும் இதய ஒலியும் அமுங்கின. இதயம் நிற்கவில்லை, ஈசிஜி ஓடிக்கொண்டேதான் இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை, கருவி அளந்தது வேறு.

"ஆனா நிறைய பேருக்குக் குணமாகுதே" என்பீர்கள். ஆகிறது. கேள்வி, அலையாலா என்பதுதான். அதற்குப் போலிப் பயிற்சியோடு ஒப்பிட வேண்டும். பதட்டத்துக்கான ஆய்வுகளில் பல சிறியவை, ஒன்றும் கொடுக்காமல் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டவை. ஒழுங்காகச் செய்தது பக்கத்துத் துறையில் இருக்கிறது: கவனக்குறைவுக் கோளாறு உள்ள 144 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு. ஒரு பகுதிக்கு நிஜப் பயிற்சி, மீதிப் பேருக்கு வேறொருவரின் ஈஈஜி பதிவு. இரண்டு கூட்டமும் நன்றாக முன்னேறியது, இடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வாரம் சில தடவை ஒருத்தர் அக்கறையாக உட்கார வைத்து, "சூப்பர், நல்லா பண்றே" என்று சொன்னால் யாருக்கும் தெம்பு வரும்.

அந்த வண்ண 'பிரெயின் மேப்' பற்றியும் ஒரு வார்த்தை. 19 மின்முனை, ஐந்து பட்டை என்றால் 95 எண்கள். இருபதில் ஒன்று தற்செயலாக எல்லை தாண்டும் என்று வைத்தாலே, நோயே இல்லாத ஆளுக்கும் சராசரியாக ஐந்து இடம் சிவப்பாகலாம். எண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை, அதனால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் சிவப்பைக் காட்டி "இங்கதான் உங்க பயம் இருக்கு" என்பது ஜாதகக் கட்டத்தில் சனியைக் காட்டுவது மாதிரிதான்.

போகிறவர்கள் போங்கள். தசை இரைச்சலை எப்படிக் கழிக்கிறீர்கள், பதிவை எனக்குக் கோப்பாகக் கொடுப்பீர்களா என்று இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். மாத்திரையைக் குறைப்பதை அதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். வலிப்பு நோய்க்கு இதே முறையை பாரி ஸ்டெர்மன் பூனைகளிடமிருந்து எடுத்து வந்த கதை வேறு, அது இன்னொரு பதிவில்.