கொடுத்த கையில் என்ன மிச்சம்?

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில், ஒரு சின்ன மொழிபெயர்ப்புக் கந்தோரில் எனக்கு வேலை. பிறப்பத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, சத்தியக்கடதாசி, அற்றோணித் தத்துவம் என்று நாள் முழுக்கக் கடதாசிதான். கடற்காற்றில் தாள் பறக்காமல் இருக்க மேலே ஒரு பாரத்தை வைத்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குவேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா வந்தார். கனடாவில் இருக்கும் மகளிடம் போகிறார். யாழ்ப்பாணத்து வீட்டை இனி யார் பார்ப்பது என்று அங்குள்ள சட்டத்தரணிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும். "வீட்டைத் தம்பியிட்டப் பாரம் குடுத்திட்டுப் போறன் எண்டு எழுதித் தாங்கோ" என்றார். ஒரே ஒரு வரி. அந்த வரியில் முக்கால் மணித்தியாலம் நின்றேன்.

முதலில் 'ஹேண்ட் ஓவர்' என்று எழுதினேன். இடமாற்றம் பெற்றுப் போகும் அதிகாரி சாவிக்கொத்தையும் இருப்புப் புத்தகத்தையும் அடுத்தவரிடம் கொடுப்பாரே, அதற்கு அந்தச் சொல் சரி. கொடுத்தவர் கையைத் தட்டிக்கொண்டு போகலாம். இந்த அம்மாவோ "கிணத்துக்கு மூடி போடச் சொல்லோணும், மாமரத்துக் கொப்பு ஓட்டில முட்டுது" என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார். வெட்டினேன். 'டெலிகேட்' என்று எழுதிப் பார்த்தேன். அக்கா தம்பிக்கு நடுவே ஒரு கந்தோர் மேசை வந்து உட்கார்ந்துவிட்டது. அதையும் வெட்டினேன். கடைசியில் 'என்ட்ரஸ்ட்' வந்து இருந்தது. அதைத் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்: "தம்பியை நம்பி வீட்டை விட்டிருக்கிறன் எண்டு எழுதியிருக்கிறன் அம்மா." "அதுதானே நானும் சொன்னது" என்றார்.

அன்றிலிருந்து இந்த வினைச்சொற்களை ஒரே கேள்வியில் உரசிப் பார்க்கிறேன்: கொடுத்த பிறகு, கொடுத்தவர் கையில் என்ன மிச்சம்?

'டெலிகேட்' செய்தவர் கையில் முழுப் பழியும் மிச்சம். இலத்தீனில் அது தூதனை அனுப்பும் சொல். தூதன் அரசன் குரலில் பேசலாம். முடி அரண்மனையிலேயே இருக்கிறது. அரசாங்கக் கடிதங்களின் அடியில் 'பணிப்பாளருக்காக' என்று எழுதி வேறொருவர் கையொப்பம் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'க்காக' தான் டெலிகேட்டின் முழு இலக்கணம். கையொப்பம் ஒருவருடையது, பதில் சொல்ல வேண்டியவர் இன்னொருவர். தூதன் தன் தூதை வேறொருவனிடம் கொடுத்தனுப்ப முடியாது என்று சட்டத்தில் பழைய இலத்தீன் வாசகம் ஒன்றும் உண்டு. புதுக்கடை நீதிமன்றங்களில் இன்றும் அதை எடுத்து வாதிடுகிறார்கள்.

'அசைன்' என்னை அதிகம் ஏமாற்றிய சொல். கந்தோரில் அது இலேசானது: இன்னாருக்கு இன்ன வேலை என்று குறித்துவிடுவது, அவ்வளவுதான். அதே சொல் காணி உறுதிக்குள் நுழைந்ததும் முகம் மாறிவிடுகிறது. நம் நொத்தாரிசுமார் எழுதும் ஆங்கில உறுதிகளில் விற்று, வழங்கி, உரிமை மாற்றி என்று ஏழெட்டு வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த வரிசையில் அசைனும் நிற்கும். அங்கே அதன் பொருள் முழுமையாக விட்டுக்கொடுத்தல். கையில் ஒரு பிடி மண்கூட மிச்சமில்லை. புதிதாக வரும் பிள்ளைகள் இரண்டுக்கும் 'ஒப்படைத்தல்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். உறுதியில் அப்படி எழுதினால் காணி போய்விட்டதா, பார்க்கக் கொடுத்ததா என்று ஒரு குடும்பமே வழக்குக்கு நிற்கும்.

'என்ட்ரஸ்ட்' தான் இவற்றில் எனக்குப் பிரியமானது. சொல்லின் வயிற்றுக்குள்ளேயே நம்பிக்கை இருக்கிறது. அதோடு, அது இரண்டு விதமாகத் திரும்பும். பொருளை முன்னே வைத்து ஆளிடம் கொண்டுபோகலாம். ஆளை முன்னே வைத்துப் பொருளைப் பின்னால் சேர்க்கலாம். 'சாவியை அவனிடம் கொடுத்தேன்' என்பதற்கும் 'அவனை நம்பிச் சாவியைக் கொடுத்தேன்' என்பதற்கும் உள்ள தூரம் அது. அம்மாவின் கடிதத்தில் தம்பியைத்தான் முன்னே வைத்தேன். வீடு பின்னால் வந்தது.

தமிழ் இந்த வேலையைச் செய்யும் விதம் வேறு. ஆங்கிலம் வினையை மாற்றும் இடத்தில் தமிழ் உடம்பில் இடத்தை மாற்றுகிறது. கையில் கொடுத்தால் ஒரு பொருள், தோளில் வைத்தால் ஒன்று, தலையில் கட்டினால் முற்றிலும் வேறொன்று. தலையில் கட்டப்பட்டவனை யாரும் கேட்கவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். கம்பன் காவியத்தில் தசரதன் இராமனை விசுவாமித்திரரிடம் விடும் பகுதிக்குக் 'கையடைப் படலம்' என்று பெயர். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் விடும் சிலப்பதிகாரப் பகுதிக்கு 'அடைக்கலக் காதை'. இரண்டிலும் கொடுக்கப்படுவது பொருளல்ல, பிள்ளை. திரும்பி வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பெயரிலேயே இருக்கிறது. வள்ளுவர் 517ஆம் குறளில், ஆளைத் தேர்ந்து வேலையைக் கொடுப்பதற்கு 'விடல்' என்ற வினையை எடுத்தார். கொடுப்பதைவிட விடுவது கடினம் என்று தெரிந்த ஒருவரின் தேர்வு அது.

அம்மா சொன்ன 'பாரம் குடுத்தல்' இந்தக் குடும்பத்தில் நம் ஈழத்துப் பிள்ளை. வாகனத்தைப் பாரம் கொடுப்போம், கடமையைப் பாரமெடுப்போம், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பாரம் கொடுத்துவிட்டு வருவோம். சென்னையில் இதைச் சொன்னால் சுமை தூக்குவதாக நினைப்பார்கள். சிங்களத்திலும் இதே சொல்தான்: கொடுப்பது 'பார தெனவா', எடுப்பது 'பார கன்னவா', நம்பிக்கைப் பொறுப்பாளர் 'பாரகரு'. ஆங்கிலத்தின் 'சார்ஜ்' என்ற சொல்லோ, இலத்தீனில் வண்டியில் சுமை ஏற்றுவதிலிருந்து பிறந்தது. 'டேக் சார்ஜ்' என்றால் அடியில் கிடப்பது பாரமெடுத்தல்தான். நம்முடைய 'பொறுப்பு' கூடப் 'பொறு' என்பதிலிருந்து வந்ததே. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரும் பஸ்ஸில் மூன்று மொழியும் ஏறி இறங்கும். மூன்றும் பொறுப்பைச் சுமையாகவே பார்த்திருக்கின்றன என்று கண்டுகொண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரியது.

இனி, இந்த நாட்டில் அதிகம் பேசப்பட்ட வினைக்கு வருகிறேன்: 'டிவால்வ்'. இலத்தீனில் அதன் பொருள் உருண்டு கீழே வருதல். ஒருவர் போனபின் அவர் பொறுப்பு யாரும் தூக்கிக் கொடுக்காமலே அடுத்தவரிடம் வந்து சேர்வதையும் அச்சொல் குறிக்கும். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டியவர் பொன்னம்பல முதலியார். அதைப் பின்னர் கருங்கற்கோயிலாக எடுத்துக் கட்டியவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன். தந்தையின் பணி மகனிடம் வந்து சேர்ந்த அந்த விதத்துக்கு டிவால்வ் அழகாகப் பொருந்தும்.

1987 நவம்பரில் வந்த, இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தையொட்டி இச்சொல் அரசியலில் நிலைத்தது. நம் பத்திரிகைகள் அதை 'அதிகாரப் பகிர்வு' என்று தமிழாக்கின. இனிய சொல், ஆனால் ஒரு பெரிய மாற்றத்தைச் சத்தமில்லாமல் செய்துவிட்டது. பகிர்வது ஒரு பந்தியில் இருக்கிறவர்கள் செய்வது. உருண்டு வருவது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. தமிழில் வாசித்தவர் தன் பங்கைப் பெறுவதாக நினைத்தார். ஆங்கில வாசகத்தைத் திறந்தால், மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரத்தை ஆளுநர் நேரடியாகவோ அமைச்சர்கள் மூலமாகவோ தனக்குக் கீழுள்ள அலுவலர்கள் மூலமாகவோ செலுத்துவார் என்று இருக்கிறது. அந்த ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. என் கேள்வியில் உரசிப் பார்த்தால், கொடுத்தவர் கையில் மிச்சம் மிக அதிகம். அது டெலிகேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது என் கருத்து. ஐந்து வருடம் கழித்து, 1992இன் 58ஆம் இலக்கச் சட்டம் அரசாங்க அதிபர்களிடம் இருந்த பல வேலைகளைப் பிரதேச செயலாளர்களுக்குக் கொண்டுபோனது. அதன் ஆங்கிலத் தலைப்பில் இருக்கும் சொல் 'ட்ரான்ஸ்ஃபர்'. டிவால்வ் என்று வரைஞர் எழுதவில்லை. மத்தியின் ஒரு கையிலிருந்து மத்தியின் மறு கைக்குப் போவதற்கு அதுவே நேர்மையான சொல்.

இந்தத் தொழிலில் வினைச்சொல் பிழைத்தால் வீடு பிழைக்கும், காணி பிழைக்கும், சில வேளை மாகாணமே பிழைக்கும். ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாடு போகுமுன் அற்றோணித் தத்துவம் எழுத வருகிறவர்கள், பழைய படிவத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்து தரும்படி கேட்காதீர்கள். எதைக் கொடுக்கிறீர்கள், எதை உங்கள் கையில் வைத்துக்கொள்கிறீர்கள் என்பதை அந்த அம்மாவைப் போல உங்கள் வாயால், உங்கள் ஊர்த் தமிழில் முதலில் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல்லை நாங்கள் தேடித் தருகிறோம்.