தோல் மணம்: யாருடைய தோல்?

வாசனைத் திரவியச் சந்தையில் சில காலமாக ஒரு புது மோஸ்தர். பூசியிருப்பதே தெரியக் கூடாது. நெருங்கி வந்தவருக்கு மட்டும், அதுவும் உங்கள் தோலின் சொந்த மணம் போலவே தெரிய வேண்டும். 2008இல் வந்த 'மாலிக்யூல் 02'வில் அம்பிராக்ஸன் என்ற ஒரே வாசனைப் பொருள்தான். 2010இல் வந்த இன்னொன்றின் பேர் 'நாட் எ பெர்ஃப்யூம்'. அதாவது, 'நான் வாசனைத் திரவியமே இல்லை' என்று சொல்லும் வாசனைத் திரவியம்! அந்தரங்கத்துக்கும் அன்றாடத்துக்கும் உரியதாம். பெரிய இடத்துச் சமாச்சாரம்னு இதை ஒதுக்கிட முடியாது. 'தோலின் சொந்த மணம்' என்ற சொல்லாடலுக்குள் ஒரு கேள்வி பதுங்கியிருக்கிறது: யாருடைய தோல்?

அம்பிராக்ஸனின் மூதாதை அம்பர். எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளோடு சேர்ந்து உருவாகிற பொருள். புதுசாக இருக்கும்போது சாண நாத்தம். கடலில் மிதந்து, உப்பும் வெயிலும் காற்றும் பட்டுப்பட்டுத்தான் மெல்லிய மணமாகிறது. இன்று அம்பிராக்ஸன் செய்யத் திமிங்கலம் தேவையில்லை. கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து எடுக்கும் ஸ்கிளாரியோலே போதும். ஆனாலும் அசல் அம்பருக்குக் கள்ளச்சந்தை இருக்கிறது. 2023 மே மாதம் தூத்துக்குடியில் துறைமுகக் கடற்கரைப் பக்கம் வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் 18.1 கிலோ அம்பரைக் கைப்பற்றியது. சுமார் 31 கோடி ரூபாய் பெறும் என்றார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த வியாபாரம் குற்றம். நம் பத்திரிகைகளில் அது 'திமிங்கல வாந்தி'. வாங்குகிறவன் வாயில் 'அம்பர்'. பேர் மாறுகிற இடத்தில்தான் விலையும் ஏறுகிறது.

முத்தின் கதையும் இப்படித்தான். தூத்துக்குடியில் 1961 வரை நடந்த முத்துச் சலாபங்களில், கரைக்கு வந்த சிப்பியை அடைப்புகளில் குவித்து நாள்கணக்கில் அழுக விடுவார்கள். புழுவும் ஈயும் சதையைத் தின்று முடித்தபின் மிச்சத்தைக் கழுவி முத்தைத் தேடுவார்கள். சீமாட்டியின் கழுத்தில் கிடக்கும் முத்துக்கு நாத்தம் கிடையாது. நாத்தம் கழுவினவர் தோலோடு தங்கிவிட்டது. சந்தை பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. உழைப்பின் வாடையை உழைத்த உடம்பிலேயே விட்டுவிட்டு, பிறகு அந்த உடம்பைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறது. இது பழங்கதை இல்லை. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய வயதான பெண்ணை 'நாறுது, இறங்கு' என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவருடைய தோலுக்கும் 'சொந்த மணம்' இருந்தது. அதுதான் குற்றம்.

நெய்தல் நிலத்தின் தோலைப் பற்றி நம் மரபில் இரண்டு கதைகள். ஒன்று மச்சகந்தி. பராசரன் அவளை விரும்புகிறான். மீன் வாடை போய் யோசனை தூரம் மணக்கும் உடம்பு அவளுக்கு வரமாகக் கிடைக்கிறது. பின்னால் சந்தனு வருவதும் அந்த மணத்தைப் பின்தொடர்ந்துதான். செம்படவர் வீட்டுப் பெண் அரண்மனைக்குப் போக வேண்டுமானால் முதலில் தன் வாடையைத் தொலைக்க வேண்டும். இன்னொன்று நற்றிணை 45. தேரில் வந்த நகரத்துச் செல்வர் மகனிடம் தோழி, 'இவள் பரதவர் மகள். சுறாக் கருவாட்டுக்குக் காவல் இருக்கிறவர்கள் நாங்கள். எங்கள் மேல் புலால் நாறும். தள்ளி நில்' என்கிறாள். தலைவனை விலக்கி ஆசையைக் கூட்டும் சேட்படை உத்தி என்று துறை சொல்லி முடித்துவிடுகிறது உரை மரபு. அதோடு விட முடியுமா? எங்கள் சிறு வாழ்க்கை உன்னோடு ஒப்பாகாது, ஆனால் எங்களிலும் பெருமை உடையவர் உண்டு என்றல்லவா பாட்டு முடிகிறது! இங்கே நாத்தம் வெட்கம் அல்ல, எல்லைக்கோடு. நெருங்க வேண்டியவன் அவன். மாற வேண்டியதும் அவன் மூக்குத்தான்.

புட்டியில் அடைத்த 'தோல் மணம்' பராசரனின் வரம்தான். வேர்வை, மீன், டீசல், உப்பு எல்லாம் கழிந்த ஒரு தோலைத்தான் அது 'இயற்கை' என்று விற்கிறது.

நம் விமரிசனம் மட்டும் யோக்கியமா? வயல்காட்டுக் கதைக்கு 'மண்வாசனை' என்று தாராளமாகப் பட்டம் தருகிறோம். 'கடல்புரத்தில்' (1977) வந்து இத்தனை வருஷமாச்சு. 'ஆழி சூழ் உலகு' (2004) வந்தாச்சு. கடற்கரை எழுத்துக்குக் 'கவிச்சி' என்பதைப் பாராட்டாகச் சொல்ல நமக்கு இன்னும் வாய் வரலை. ஏன் வரலைன்னு முதலில் நம் மூக்கைக் கேட்போம்.